இராஜபாளையத்து வெண்ணாயும் இல்லத்துச் சிறுவரும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது பால்கோவாவினாற் பேர் பெற்றது; பின்னது தன் பெயரையே தாங்கும் வேட்டை நாயினாற் பேர் பெற்றது. வெண்மயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் நெடிய கால்களும் இவ்வினத்தின் அடையாளங்களாம். இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் இதற்கோர் அஞ்சல் தலையும் வெளியிட்டது.

எனினும், இவ்வெண்மையுடன் ஒரு குறையும் தொடர்கின்றது. குட்டிகளுட் சில செவிடாகிவிடுகின்றன. காரணம் யாதெனின், உட்செவியில் நிறமூட்டும் உயிரணுக்கள் உள. ஒலியுணரும் நுண்ணிய அணுக்கள் பிழைத்திருக்க அவை இன்றியமையாதன. உடலெங்கும் அவை அருகும்போது செவியினும் இல்லாதொழிதல் கூடும். அங்ஙனமாயின், பிறந்த சில வாரங்களிலேயே செவிப்புலன் அவிந்துபோகும்.

பள்ளியினின்று மீளும் சிறுவர் உறங்கும் செவிட்டு நாயைப் பின்னின்று தொடின், அது திடுக்கிட்டுக் கடித்தலுங் கூடும். இதனைக் குணக்கேடெனக் கருதி நாயைத் தெருவில் விடுதல் அறமன்று. ஐந்து வாரக் குட்டியின் பின்னே, அது காணாவண்ணம் கைதட்டிப் பார்க்க. செவி அசையாவிடின் கால்நடை மருத்துவரை நாடுக. அத்தகைய நாயைத் தரையைத் தட்டி, அதிர்வினால் எழுப்புதலையும் கைச்சைகையால் அழைத்தலையும் சிறுவர்க்குக் கற்பித்தல் வேண்டும். அதனை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது.

எந்நாய் கடிப்பினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். 1885-இல் பாஸ்டர் என்னும் பேரறிஞர் வெறிநாய்க்கடிக்குரிய தடுப்பு மருந்தைச் செலுத்திக் காத்ததும் ஒன்பது வயதுச் சிறுவனையே என்பதை நாம் மறவாதிருப்போமாக.