மறுக்கக் கூடாத ஆரஞ்சு

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிகோக்கு. செப்டம்பர் மாதப் புயல்கள் ஓய்ந்து வானம் வெளுத்ததும், அதன் மலையடிவாரங்களில் வெள்ளை மேலாடையும் கோரைத் தொப்பியுமாக ஆட்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். தனியாக வருபவர்கள் உண்டு, தம்பதிகள் உண்டு, வழிகாட்டி ஒருவரின் பின்னால் வரிசையாகச் செல்லும் குழுக்களும் உண்டு. கூகாய் என்ற துறவியின் (774–835) நினைவாக 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரை இது. மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர். நடந்தே முடிக்க 40 நாளுக்கு மேல் பிடிக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு விடுப்பு ஏது? அதனால் இந்த இலையுதிர் காலத்தில் பத்துக் கோயில், அடுத்த ஆண்டு இன்னும் பத்து என்று பகுதி பகுதியாக நடந்து முடிப்பவர்கள் ஏராளம்.

இந்தப் பாதையின் அதிசயம் கோயில்களில் மட்டும் இல்லை. வழியில் முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி வீட்டிலிருந்து வேகமாக வந்து, நடப்பவரின் கையில் இரண்டு ஆரஞ்சுகளை வைப்பார். எஹிமே மாவட்டத்தில் நவம்பர் மாதம் ஆரஞ்சு பழுக்கும் பருவம். இன்னொருவர் தேநீர் கொடுப்பார். வேறொருவர் நூறு யென் நாணயத்தைத் தாளில் மடித்துத் தருவார். இரவு தங்கக் காசு வாங்காமல் இடம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒசெத்தாய் என்று இதைச் சொல்கிறார்கள்.

கொடுப்பவர்களின் நம்பிக்கை எளிமையானது. நடக்கும் ஒவ்வொருவருடனும் கூகாயும் கூடவே நடக்கிறார். யாத்திரிகருக்குக் கொடுப்பது அவருக்கே கொடுப்பது. ஆகவே வாங்க மறுப்பது மரியாதை ஆகாது. 'பரவாயில்லை, வேண்டாம்' என்று கூச்சப்பட்டு நகர்ந்தால், கொடுப்பவருக்குச் சேர வேண்டிய புண்ணியத்தைத் தடுத்ததாக ஆகிவிடும். முழுவதும் கால்நடையாகப் போவதாக வேண்டிக்கொண்டவர், காரில் ஏறச் சொல்லும் அழைப்பை மட்டும் பணிவாகத் தவிர்க்கலாம். மற்றதைக் கைகூப்பி வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் பெயர் எழுதிய ஒரு சீட்டைத் தர வேண்டும். ஒசமெஃபுதா எனப்படும் இந்தச் சீட்டு முதல் நான்கு சுற்றுகள் வரை வெள்ளை. 50 சுற்றுகளைத் தொட்டவருக்குப் பொன்னிறம். 100 சுற்றுகள் முடித்தவருக்குச் சரிகைத் துணி. அந்தக் காலத்தில் சேர்ந்த சீட்டுகளை வைக்கோல் மூட்டையில் அடைத்து, வீட்டுக்குக் காவலாக உத்தரத்தில் தொங்கவிட்டார்கள்.

இந்த அன்பு அந்த மண்ணில் இயல்பாக ஊறிய குணம் என்று பயணக் கட்டுரைகள் புகழ்கின்றன. அது பாதி உண்மைதான். ஏனென்றால், ஷிகோக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதைகளில் இரண்டு அந்நியரை விரட்டிய கதைகள். எமோன் சபுரோ என்ற பணக்காரர், பிச்சை கேட்டு வந்த கூகாயைத் திரும்பத் திரும்பத் துரத்தினார். கடைசியில் அவருடைய பிச்சைப் பாத்திரத்தையும் உடைத்தார். அடுத்தடுத்து எட்டுப் பிள்ளைகளையும் பறிகொடுத்தபின், மன்னிப்புக் கேட்பதற்காகக் கூகாயைத் தேடித் தீவை இருபது முறை சுற்றினார். இருபத்தோராவது முறை எதிர்த்திசையில் நடந்தபோதுதான், 12-ஆம் கோயிலான ஷோசான்ஜியின் மலைப்பாதையில் சாகும் தறுவாயில் அவரைச் சந்தித்தாராம். எமோன் சபுரோவைத்தான் முதல் யாத்திரிகர் என்கிறார்கள்.

இரண்டாவது கதை ஓசு நகரத்துப் பாலத்தைப் பற்றியது. ஊரில் ஒருவரும் இடம் தராததால், கூகாய் அந்தப் பாலத்தின் அடியில் குளிரிலும் பசியிலும் ஓர் இரவைக் கழித்தார். அது பத்து இரவுகள்போல நீண்டது. இன்றும் எந்தப் பாலத்தைக் கடந்தாலும் யாத்திரிகர்கள் கைத்தடியைத் தரையில் ஊன்றுவதில்லை, கீழே அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம் என்று. விருந்தோம்பலின் பெருமையை விட, விருந்தோம்பத் தவறிய வெட்கத்தை ஒரு சமூகம் மறக்காமல் வைத்திருப்பது அரிய விஷயம்.

வரலாற்றிலும் கதவுகள் எப்போதும் திறந்திருக்கவில்லை. இன்று கோச்சி மாவட்டமாக உள்ள டோசாவின் ஆட்சியாளர்கள், யாத்திரிகர்கள் எந்தச் சாவடி வழியாக வர வேண்டும், எதில் வெளியேற வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். தொழுநோயால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும், சோற்றுக்கு வேறு வழியில்லாதவர்களும் இந்தப் பாதையிலேயே வாழ்ந்து மடிந்தார்கள். மெய்ஜி பேரரசரின் காலத்தில் பிச்சையெடுத்து நடந்தவர்களைக் காவல்துறை விரட்டியது. ஆனாலும் ஊர்க்காரர்கள் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. கடலுக்கு அப்பால் உள்ள வகாயாமா மக்கள் அதற்கு முந்தைய எடோ காலத்திலேயே சங்கம் அமைத்து, வசந்த காலத்தில் பொருள்களைப் படகில் ஏற்றிவந்து கொடுத்தார்கள். நகத்சுகசா மொஹேய் (1845–1922) என்பவர் இந்த வழியை 280 முறை சுற்றினார். நடப்பவர்கள் திசை தவறாதிருக்க 230-க்கும் மேற்பட்ட வழிகாட்டிக் கற்களை நட்டுவைத்தார். அவற்றில் பல இன்றும் நிற்கின்றன.

குழுவாக நடப்பவர்களுக்கு இந்தக் கற்களும் ஆரஞ்சுகளும் எவ்வளவு ஆறுதல் என்பது 11-ஆம் கோயிலுக்கும் 12-ஆம் கோயிலுக்கும் இடைப்பட்ட மலையில் தெரியும். சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறி இறங்கி மறுபடி ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும். கோயில் அலுவலகமும் அந்நேரம் மூடிவிடும். வேகமாக நடப்பவர் முன்னே போய்விடாமல், தளர்ந்தவரின் நடைக்கு எல்லோரும் இறங்கிவந்தால்தான் குழு ஒன்றாகப் போய்ச் சேரும்.

கொடுக்கிற கைகள் இப்போது குறைந்து வருகின்றன. ஷிகோக்கின் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மலைக் கிராமங்களில் இளைஞர்கள் இல்லை. தேநீர்க் கெண்டியை எடுத்துவருபவர் பெரும்பாலும் வயதானவர். அவருக்கு நாலைந்து கோப்பை தேநீர் போடுவதே பெரிய வேலை. பெரிய குழுவாகப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்து, கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போக வேண்டும்.

நடக்கும் எண்ணம் இருந்தால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை நல்ல காலம். நருதோ நகரத்தில் உள்ள முதல் கோயிலான ரியோசென்ஜியிலேயே பெயர்ச் சீட்டுகள் கட்டாகக் கிடைக்கும். கோயில்களில் செலுத்த, கோயிலுக்கு இரண்டு வீதம் 176 போதும் என்று கணக்குப் போடாதீர்கள். வழியில் கொடுப்பவர்களுக்காக இன்னும் ஒரு கட்டு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.