முதுகுக்குப் பின்னால் வேண்டாம், கண்முன்னே தள்ளுவோம்

மே மாதம் பிறந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழிற்சாலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசை கட்டத் தொடங்கும். டிரெய்லர் பெட்டி நிறையப் பெங்களூரா மாங்காய். மணிக்கணக்கில் காத்திருந்து உள்ளே போன பிறகுதான் ஓட்டுநருக்கு உண்மையான சோதனை. காய் கொட்டும் இடத்துக்குப் பெட்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்த வேண்டும். ஒரு கை ஸ்டீயரிங்கில் இருக்க, இடுப்பை முறுக்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். குவிந்த காய்க்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கீழே நிற்கும் பையன் குரல் கொடுக்கிறான்: “வாங்கண்ணா, வாங்க… லெப்ட்ல ஒடிங்க… இன்னும் ஒடிங்க… நிறுத்துங்க, நிறுத்துங்க!” அதற்குள் பெட்டி மடங்கிவிட்டது. மறுபடி முன்னால் போய், நேராக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

போச்சம்பள்ளி வட்டாரத்தில் இந்தக் காட்சி மாங்காய்ப் பருவத்தோடு முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தைக்குச் சரக்கு வரும் வழியிலும், தென்னந்தோப்புகளிலும், செங்கல், ஜல்லி இறக்கும் இடங்களிலும், சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி எழும் பட்டறைச் சந்துகளிலும் ஆண்டு முழுக்க இதே பாடுதான். பெட்டி மடங்கினால் போவது நேரமும் டீசலும் மட்டுமல்ல. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நின்று குரல் கொடுக்கும் அந்தப் பையனை ஓட்டுநர் பார்க்கவே முடியாது. அவன் குரல் ஒரு கணம் தாமதித்தாலும் நசுங்குவது அவன்தான்.

இதற்கு ஓர் எளிய மாற்று உண்டு. வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கொக்கி. பெட்டியைப் பின்னால் கோத்து முதுகுத் திசையில் தள்ளுவதற்குப் பதிலாக, முன்னால் கோத்துக் கண்ணெதிரே தள்ளுவது. சாலையில் இழுத்துச் செல்லப் பின்கொக்கி. சேர்ந்த இடத்தில் திருப்பி நிறுத்த முன்கொக்கி. படகை டிரெய்லரில் கொண்டுபோய் நீரில் இறக்குகிறவர்கள் வெளிநாடுகளில் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. நம் ஊருக்கும் இது வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாட்டுவண்டிக்காரர் அறிந்தது

இது வெளிநாட்டுக்கே உரிய அறிவு அல்ல. மாட்டை அவிழ்த்த பிறகு வண்டியைக் கொட்டகைக்குள் விடுகிறவர் என்ன செய்வார்? நுகத்தடியைக் கையில் தூக்கிப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி நின்று, முன்னோக்கி நடந்து தள்ளுவார். வண்டியின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமானால் நுகத்தடியை வலப்பக்கம் நகர்த்துவார். சக்கரம் சுவரை உரசப்போவது அவர் கண்ணில் படும். கை உடனே திருத்தும். முன்கொக்கி போட்ட டிராக்டர் செய்வதும் இதுவே.

பல டிராக்டர்களின் முன்பக்கத்தில் கம்பெனியே ஒரு கொக்கியோ பின் (pin) போடும் துளையோ வைத்துத்தான் அனுப்புகிறது. சேற்றில் சிக்கினால் கயிறு கட்டி இழுப்பதற்கான ஏற்பாடு அது. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் வெற்றுப் பெட்டியை அதில் கோத்துக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. ஆக, யோசனை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதை முறையாகச் செய்வதுதான் பாக்கி.

சூட்சுமம் எங்கே?

ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2 மீட்டர். பின்கொக்கி பின் அச்சிலிருந்து 0.7 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்கொக்கி முன் அச்சிலிருந்து 0.6 மீட்டர் முன்னால், அதாவது பின் அச்சிலிருந்து 2.6 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

ஸ்டீயரிங்கை ஒடித்தால் திரும்புவது முன்சக்கரம். பின் அச்சின் நேர்க்கோட்டில் உள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்து முழு வண்டியும் வட்டமடிக்கும். அதனால் பின் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் கொக்கி இருக்கிறதோ, அந்த அளவுக்கு அது பக்கவாட்டில் நகரும். மேலே சொன்ன கணக்கில், ஸ்டீயரிங்கை ஒரே அளவு ஒடித்து ஒரே தூரம் போனாலும், முன்கொக்கி பின்கொக்கியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பக்கவாட்டில் நகர்கிறது. பின்கொக்கியில் வண்டி முழுவதும் திரும்பிய பிறகே டிரெய்லருக்குச் சேதி போய்ச் சேரும். முன்கொக்கியில் கை அசைந்தவுடன் டிரெய்லரின் மூக்கும் அசையும். குறுகலான சந்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முன்கொக்கி போட்டாலும் டிரெய்லரின் வால் எதிர்த்திசையில்தான் போகும். வலப்பக்கம் ஒடித்தால் வால் இடப்பக்கம் சாயும். அந்த விதி மாறாது. மாறுவது ஓட்டுநர் உட்காரும் விதம். கண், கை, கொக்கி, பெட்டி எல்லாம் ஒரே திசையில் இருப்பதால் குழப்பம் குறைகிறது.

டிரெய்லரைத் தள்ளுவது இழுப்பதைவிடக் கடினம் என்பதும் மாறாது. இழுக்கும்போது டிரெய்லர் தானாக நேராகும். தள்ளும்போது சிறு கோணலும் வளர்ந்துகொண்டே போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயிலை நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. அங்கே பெட்டிகள் விலகாமல் தண்டவாளம் பிடித்துக்கொள்கிறது. தரையில் அந்த வேலையை ஓட்டுநரின் கண்தான் செய்ய வேண்டும். விமான நிலையங்களிலும் இதையே பார்க்கிறோம். விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் கம்பியை மாட்டி, விமானத்தைப் பார்த்தபடியே இழுவண்டி பின்னுக்குத் தள்ளுகிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள ஒன்றை யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளுவதில்லை.

படகுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

கடலே இல்லாத மாவட்டத்தில் படகு டிரெய்லர் எதற்கு என்று கேட்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை அதற்குப் பதில் சொன்னது. போச்சம்பள்ளிக்குப் பக்கத்து வட்டமான ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துச் சென்றது. தென்பெண்ணை ஆறும், கிருஷ்ணகிரி அணையும், பாரூர் பெரிய ஏரியும், சங்கிலி போலத் தொடரும் சிற்றேரிகளும் உள்ள நிலம் இது. மீட்புப் படகு இங்கே கட்டாயத் தேவை.

இந்த வட்டாரத்தின் பழைய படகு பரிசல். ஒகேனக்கல்லில் ஒரே ஆள் அதைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகை அப்படித் தூக்க முடியாது. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார்கள். படகை ஏற்றவும் இறக்கவும் ஆட்களின் தோள்களே துணையாக இருந்தன. அந்தத் தோள்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. அடுத்த முறையும் தோள்களையே நம்பியிருப்பது நியாயமல்ல.

வெள்ளத்தில் படகு இறக்கச் சாய்தளம் கட்டி வைத்திருக்க மாட்டார்கள். மூழ்கிய தெருவின் முனை, ஏரிக்கரைச் சரிவு, பாலத்தின் ஓரம் என்று எங்கே தண்ணீர் தொடங்குகிறதோ அங்கேதான் இறக்க வேண்டும். பின்னோக்கிப் போகும் ஜீப்பின் ஓட்டுநருக்குத் தண்ணீர் எங்கே ஆழமாகிறது என்று தெரியாது. முன்னால் தள்ளுகிறவருக்கு டிரெய்லரின் சக்கரம் எவ்வளவு மூழ்கியது என்பதும், பக்கத்தில் நிற்கும் ஆட்களும் தெரியும். விளக்கு வெளிச்சமும் வேலை நடக்கும் இடத்தில் விழும். இரவில் நடக்கும் மீட்புக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பிரிட்டனில் கடல் மீட்புக்கென்றே இயங்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு முன்பு படகு வண்டிகளைக் குதிரைகளாலும் மனிதர்களாலும் கடலுக்குள் தள்ளியது. 1920இல் ஹன்ஸ்டன்டன் கடற்கரையில் டிராக்டரைச் சோதித்துப் பார்த்தது. இன்று நீர் புகாத டிராக்டர்கள் படகு வண்டியை முன்னால் வைத்து அலைக்குள் தள்ளிச் செல்கின்றன. அவசரம், இருட்டு, வழுக்கல் மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு நூற்றாண்டு அனுபவம் சொல்லும் பாடம் இது.

எச்சரிக்கைகளும் உண்டு

முன்கொக்கியை வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. அது பம்பரில் அல்ல, வண்டியின் சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தப்பட வேண்டும். டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கியின் மேல் அழுத்தும் என்பது பொதுவான கணக்கு. எஞ்சின் எடையைத் தாங்கும் முன் அச்சுக்கு அதுவும் கூடுதலாகச் சேரும். தள்ளும்போது பக்கவாட்டு விசையும் உண்டு. டிராக்டரில் கயிறு கட்டுவதற்கென்று தரப்பட்ட பின்னில் முழுச் சுமைப் பெட்டியைக் கோத்துச் சரிவில் தள்ளவே கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்புதான் எல்லை.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியே, காரின் முன்னால் இரும்புக் கம்பித் தடுப்புகள் பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, நடந்து செல்பவரைக் கொல்லும். ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும். எனவே சாலையில் ஓடும் வண்டிக்குக் கழற்றி மாட்டக்கூடிய கொக்கிதான் சரி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அனுமதியோடு பொருத்த வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிக் கருவிப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். தோட்டத்துக்குள்ளும் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளும் மட்டும் ஓடும் வண்டிக்கு வேலை எளிது.

படகு இறக்கும் சரிவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துச் சரிவில் நிற்கும் வண்டியின் எடை முன்சக்கரங்களுக்குப் போய்விடும். பின்சக்கரங்கள் பாசி இல்லாத காய்ந்த தரையில் இருந்தாலும் அவற்றின் பிடிப்பு குறையும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் அந்தப் பின்சக்கரங்களைத்தான். ஆகவே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே இதற்கு நல்லது. நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை போடாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி பாதுகாப்புச் சங்கிலி மாட்டியே தள்ள வேண்டும். வேகம் நடைவேகம்தான். டிரெய்லருக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. குரல் கொடுப்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். படகோ மாங்காயோ உயரமாக இருந்து முன்பார்வையை மறைத்தால், முன்கொக்கியின் பயனே போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

யார் தொடங்குவது?

இதற்கு வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஓசூரில் 1980 முதல் லாரி தயாராகிறது. போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. இரண்டுக்கும் நடுவே உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு தரமான முன்கொக்கியை வடிவமைத்து, எடை வைத்துச் சோதித்து, சான்று பெற்றுத் தருவது இவர்களுக்குப் பெரிய காரியமல்ல.

தீயணைப்பு மீட்புத் துறை தன் படகு வண்டிகளுக்கு இதை முதலில் முயன்று பார்க்கட்டும். கிருஷ்ணகிரி அருகே அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது. பயிற்சிக்கு அப்படியொரு கரை போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஓட்டுநர்கள் அங்கே கை பழகிவிடலாம். மாங்கூழ்த் தொழிற்சாலைகள் தங்கள் வளாகத்துக்கென முன்கொக்கி போட்ட ஒரு டிராக்டரை நிறுத்தி வைக்கலாம். வாசலில் விவசாயி பெட்டியைக் கழற்றிவிட்டால், அந்த டிராக்டர் அதைப் பார்த்துத் தள்ளிச் சரியான இடத்தில் நிறுத்தும். வரிசையும் வேகமாக நகரும். ஐ.டி.ஐ.களிலும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் டிரெய்லர் கையாளுவதைத் தனிப்பாடமாகச் சொல்லித்தர வேண்டும். இன்று பெரும்பாலான ஓட்டுநர்கள் அதை அடிபட்டும் இடித்தும்தான் கற்கிறார்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு கொக்கி, சில போல்ட்டுகள், ஒரு சங்கிலி, சில மணி நேரப் பயிற்சி. கைக்குக் கிடைப்பது, பெட்டிக்குப் பின்னால் உயிரைப் பணயம் வைத்து நிற்கும் பையன்களின் பாதுகாப்பு. அடுத்த மாங்காய்ப் பருவத்துக்குள் மாவட்டத்தில் ஒரே ஒரு தொழிற்சாலையாவது இதைத் தொடங்கிவிட்டால், மற்றவர்கள் பார்த்துப் பின்பற்ற நாளாகாது.