'ஹாண்ட் பிரேக் போடாதீர்கள், சார்!'

தில்லியில் கார் ஓட்டுவது கடினம் என்று ஊரில் உள்ள உறவினர்கள் நினைக்கிறார்கள். ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் கடினம் என்பது இங்கே குடியிருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். ஓடும்போது பட்ட அடிகளைவிட, நாங்கள் கரோல்பாகில் புடவை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நின்ற இடத்தில் நின்ற காருக்குப் பட்ட அடிகளே எங்கள் வீட்டு வண்டிகளில் அதிகம். முப்பது ஆண்டுகளில் நான்கு கார்களை இந்த நகரத்தில் வைத்துக் காப்பாற்றிய அனுபவத்தில், கூட்டமான நிறுத்துமிடங்களில் எதைச் செய்தால் பயன் உண்டு, எது வீண் செலவு என்று எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. மாருதி 800 காரின் அகலம் 1,440 மில்லிமீட்டர். இன்று பல வீடுகளில் நிற்கும் க்ரெட்டாவின் அகலம் 1,790. நிறுத்தும் கட்டம் இரண்டரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாருதி 800 அருகருகே நின்றபோது நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது. இரண்டு க்ரெட்டாக்கள் நின்றால் 71 சென்டிமீட்டர்தான். பக்கக் கண்ணாடிகள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தில் கதவைத் திறந்து, கொஞ்சம் பருமனான ஒருவர் கைப்பையுடன் இறங்கினால், கதவு விளிம்பு அடுத்த வண்டியில் இடிக்காமல் இருப்பதுதான் அதிசயம். கட்டமே போடாத மார்க்கெட்டுகளில் அந்த 71 கூடக் கிடைக்காது.

ஆகவே குடும்பத்தை முன்கூட்டியே இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை உள்ளே விடுவது மிக எளிய பாதுகாப்பு. குழந்தைகள் இருந்தால் கட்டாயம். வண்டி நின்றதும் கதவை உதைத்துத் திறப்பது குழந்தைகளின் பிறப்புரிமை. அப்போது அடிபடுவது அடுத்தவர் காராகவும் இருக்கலாம்.

இனி தில்லிக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக மாற்றலாகி வருபவர்களைத் திடுக்கிட வைப்பது இது. காரை நிறுத்தியதும் 'பர்ச்சி' கொடுக்கும் பையன், "ஹாண்ட் பிரேக் மத் லகானா, நியூட்ரல் மே சோட்னா" என்பான். ஹாண்ட் பிரேக் போடாதீர்கள், நியூட்ரலில் விட்டுவிட்டுப் போங்கள் என்று பொருள். ஊரில் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்! நாற்பது வண்டிகள் நிற்கக்கூடிய இடத்தில் அறுபதை அடைக்க அவர்கள் கண்ட வழி இது. ஒரு வரிசைக்குப் பின்னால் குறுக்காக இன்னொரு வரிசையை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பவர் கிளம்பும்போது வெளியே உள்ள வண்டிகளைக் கையால் தள்ளி வழி விடுவார்கள். பம்பர் கீறல்களில் பெரும்பங்கு இந்தத் தள்ளுமுள்ளில் விழுபவை என்பது என் கணிப்பு.

முடிந்தவரை இதைத் தவிர்க்க வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகப் போய், சுவரோரமாக உள்ள முதல் வரிசையில் இடம் கேளுங்கள். அங்கே ஹாண்ட் பிரேக் போடலாம். வேறு வழியே இல்லாமல் நியூட்ரலில் விடுவதானால், தரை சமமாக இருக்கிறதா என்று காலை பிரேக்கிலிருந்து மெல்ல எடுத்துப் பாருங்கள். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அங்கே விடக்கூடாது. அடுத்து, ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு இறங்குங்கள். பலரும் கவனிக்காத விஷயம் இது. சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பிய நிலையில் பூட்டிக்கொண்டால், தள்ளும்போது வண்டி நேராகப் போகாமல் வளைந்து போய்ப் பக்கத்து வண்டியில்தான் முட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன்களிடம் செங்கல் இருக்கும். கேட்டால்தான் வைப்பார்கள்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. 'பி' நிலையில் கியர்ப் பெட்டிக்குள் ஒரு கொக்கி விழுந்து சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வண்டி நகராது, அந்தக் கொக்கிக்குத்தான் கேடு. நுழையும்போதே "ஆட்டோமேட்டிக் ஹை" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தனி இடம் காட்டுவார்கள். காட்டாவிட்டால் வேறு இடம் தேடுவது மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டியையும் தூங்கும் குழந்தையையும் காரில் உட்கார வைத்துவிட்டு, "இதோ ஐந்து நிமிடம்" என்று கடைக்குள் நுழைபவர்களைப் பார்க்கிறேன். தில்லி வெயிலில் அடைத்த காரில் யாரையும் விடக்கூடாது என்பது ஒருபுறம். நியூட்ரலில் நிற்கும் வண்டியைப் பையன்கள் தள்ளும்போது உள்ளே பிரேக் தெரியாத ஒருவர் இருப்பது இன்னும் ஆபத்து. உருள ஆரம்பித்த ஆயிரம் கிலோ இரும்பை இரண்டு பையன்களால் நிறுத்த முடியாது.

இடம் தேர்ந்தெடுப்பதில் என் விருப்பம் கடைசிக் கட்டம். ஒரு பக்கம் சுவரோ தூணோ இருந்தால் பாதித் தொல்லை குறைந்தது. சுவர் இடப்பக்கம் இருந்தால் அதை ஒட்டி நிறுத்துங்கள். வலப்பக்கம் உங்களுக்கும் அடுத்தவருக்கும் தாராளமாக இடம் கிடைக்கும். ஸ்கூட்டர், பைக் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அவற்றின் ஹாண்டில்பார் முனையும் கால்மிதியும் சரியாகக் கதவு உயரத்தில் இருக்கும். இ-ரிக்‌ஷா திரும்பும் முனைகளும் அப்படியே. புதுதில்லியின் சில சாலைகளில் நாவல் மரங்கள் உண்டு. ஜூன், ஜூலையில் அந்த நிழலில் நிறுத்தினால் கார் முழுவதும் ஊதா நிறம்தான்!

கடைகளில் விற்கும் பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவு விளிம்பில் மாட்டும் ரப்பர் பட்டை மலிவு, பயனுள்ளது. கதவின் நடுவே ஒட்டும் 'சைடு பீடிங்' பழைய கார்களில் கம்பெனியே போட்டு வந்தது. இப்போது நாம்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டலாம். 'செராமிக் கோட்டிங்' பளபளப்புக்கு நல்லது, கதவு இடித்தால் நெளிவதைத் தடுக்காது. முன்னும் பின்னும் இரும்புக் கம்பி பொருத்துவது தில்லிவாசிகளின் பழைய மோகம். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது காற்றுப்பை விரிவதையும் அது கெடுக்கலாம். எனவே அது வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அடி படத்தான் செய்யும். உடனே இன்ஷூரன்ஸுக்கு ஓடுவதற்கு முன் பென்சிலை எடுங்கள். ஐந்து ஆண்டுகள் கிளெயிம் செய்யாதிருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு முறை கிளெயிம் செய்தால் அது பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மீண்டும் 50-க்கு வர வேண்டும். அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இழக்கும் தள்ளுபடி ஆண்டுவாரியாக 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500. கிடைப்பது என்ன? பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதை மாற்றினால் சாதாரண பாலிசியில் அதன் விலையில் பாதி தேய்மானமாகக் கழிக்கப்படும். கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. தேய்மானம் கழிக்காத பாலிசியும், தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பாலிசியும் இருந்தால் கணக்கு மாறும். இல்லையென்றால் சின்னக் கீறலுக்குக் கைக்காசே லாபம். ஊரில் 'டிங்கரிங்' என்போமே, அது இங்கே 'டென்டிங்'. பெயிண்ட் உரியாத சிறு நெளிவென்றால், உட்புறமிருந்து நெம்பி எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் பெயிண்ட் செலவு இல்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் ஓட்டல், கல்யாண மண்டபங்களில் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 1998-இல் தில்லியின் ஒரு நட்சத்திர ஓட்டலில் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் திருடு போன வழக்கில், 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தாலும், தன் கவனக்குறைவுக்கு ஓட்டல் தப்ப முடியாது என்றது. வழக்கு திருட்டைப் பற்றியது, 21 ஆண்டுகள் எடுத்தது. என்றாலும் சாவியைக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வதும், சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதும் நல்லது.

திரும்பி வரும்போது புதிய கீறலைப் பார்த்தால் வண்டியை நகர்த்தாமல், பக்கத்து வண்டியும் நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். அதன் சொந்தக்காரர் வந்தால், வீட்டுப் பெண்மணிகளையும் குழந்தைகளையும் முதலில் காருக்குள் ஏற்றிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். இந்த நகரத்தில் வண்டி நிறுத்தும் சண்டை கத்திக்குத்து வரை போனதைப் பத்திரிகைகளில் நாம் படிக்காத ஆண்டு இல்லை. எதிராளி கையை ஓங்கினால் நான் பேச்சை நிறுத்திவிட்டு 112-ஐ அழைப்பேன். வெறும் வாய்ச்சண்டை என்றால், நம்பரைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.