பாட்டி புடவை, ஜூனா பஜார் விளக்கு: புனேயில் 'விண்டேஜ்' கல்யாணம் நடத்த என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கல்யாணத் தேதி குறித்தாயிற்று. டெக்கரேட்டர் டேப்லெட்டைத் திறந்து 'விண்டேஜ் தீம்' என்று ஒரு பேக்கேஜைக் காட்டுகிறார். கிராமஃபோன், மரப்பெட்டி, லாந்தர் விளக்கு, பழைய சைக்கிள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால், அதில் பாதி சமீபத்தில் செய்து, பழசு போலத் தெரிய பெயின்ட் அடித்த பொருட்கள். அதே நேரம், ஊரில் அம்மாவின் பீரோவில் 30 வருஷமாக ஒரு கல்யாணப் பட்டு மடித்த இடத்திலேயே நைந்துகொண்டிருக்கும்.

புனேயில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் பலருக்கு இப்படியொரு கல்யாணத்தில் ஆசை இருக்கிறது. கூடவே கேள்விகளும் இருக்கின்றன. பழைய பொருளை எங்கே தேடுவது? செலவு நிஜமாகவே குறையுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, "கல்யாணத்துக்குப் போய் யாராவது பழசு வாங்குவாங்களா?" என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

விண்டேஜ் கல்யாணம் என்றால் என்ன?

புதுசாக வாங்குவதைக் குறைத்து, வீட்டில் இருப்பது, செகண்ட் ஹேண்டில் கிடைப்பது, கையால் செய்வது என மூன்றையும் வைத்து நடத்தும் கல்யாணம். சினிமா நட்சத்திரங்கள் இதைப் பிரபலமாக்கினார்கள். 2012-ல் கரீனா கபூர் தன் மாமியார் ஷர்மிளா தாகூரின் கல்யாண உடையை அணிந்தார். 2017-ல் கோவாவில் நடந்த திருமணத்தில் சமந்தா, நாக சைதன்யாவின் பாட்டியுடைய புடவையைப் புதுப்பித்துக் கட்டினார். 2021-ல் யாமி கௌதம் அம்மாவின் பட்டுப் புடவையில் மணமேடை ஏறினார். 2023-ல் தேசிய திரைப்பட விருது வாங்க ஆலியா பட் தன் கல்யாணப் புடவையையே மறுபடியும் கட்டி வந்தார்.

நமக்கு இது புதுசும் அல்ல. அம்மாவுக்கு வந்த சீர் பாத்திரம் மகளுக்குப் போவதும், அத்தையின் அட்டிகை மருமகள் கழுத்துக்கு வருவதும் நம் வீடுகளில் நடப்பதுதான்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

முதலில் வாங்க வேண்டியவற்றின் பட்டியலைத் தள்ளி வையுங்கள். எது கட்டாயம் புதுசாக இருக்க வேண்டும் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பல வீடுகளில் தாலியும் கூறைப்புடவையும் புதுசாகத்தான் இருக்க வேண்டும். அதில் வாதாட வேண்டாம். முகூர்த்தத்துக்குப் புதுக் கூறை என்றால், ரிசப்ஷனுக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ அம்மாவின் புடவையைக் கட்டலாம். விளக்கு, தாம்பாளம், அலங்காரம், பத்திரிகை, தாம்பூலப் பை எதிலும் பெரும்பாலும் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

யாருடைய புடவை என்ற கேள்வியும் சில வீடுகளில் எழும். தாத்தா இறந்துவிட்டார் என்பதால் பாட்டியின் கல்யாணப் புடவை வேண்டாம் என்று யாராவது சொல்லலாம். அந்தப் பேச்சு பாட்டியின் காதிலும் விழும் என்பதை மறக்கக் கூடாது. அதனால், சபையில் வைத்துப் பேசுவதற்கு முன் அவரிடம் தனியாகப் போய், "பாட்டி, உங்க கல்யாணப் புடவையை நான் கட்டிக்கலாமா?" என்று கேளுங்கள். அவர் சம்மதித்துத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்ல மற்றவர்களுக்கு மனசு வராது. அவருக்கே விருப்பம் இல்லை என்றால், அதோடு விட்டுவிடலாம்.

பழைய பட்டைக் கட்ட முடியுமா?

முடியும், ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டும். புடவையை முழுசாக விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்பு விழுந்த கோடுகளில் இழை விலகியிருந்தால் தெரியும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். "சர்"ரென்று விட்டுப் போனால் அந்தப் பட்டு உங்கள் உடல் எடையையும் ஊசிகளையும் தாங்காது.

சின்னக் கிழிசல் என்றால் ரஃபூ போடலாம், பின்பக்கம் மெல்லிய துணி கொடுத்துத் தைக்கலாம். நைந்த பட்டுக்கு ரோல் பாலிஷ் வேண்டாம். உருளையின் அழுத்தத்திலேயே கிழிந்துவிடும். கட்டவே முடியாத நிலை என்றால் பார்டரையும் முந்தானையையும் எடுத்து ரவிக்கைக்கோ, துப்பட்டாவுக்கோ, மணமேடைப் பின்னணிக்கோ பயன்படுத்தலாம்.

பாட்டியின் புடவை மடிசார் கட்டும் 9 கஜமாக இருந்தால், புனேயில் ஒரு வசதி உண்டு. மராத்தி நௌவாரியும் 9 கஜம்தான். அதை அப்படியே உடுத்தத் தயாராகத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால், அப்படித் தைக்கத் துணியை வெட்ட வேண்டியிருக்கலாம். வெட்டினால் மறுபடி புடவையாகாது என்பதால் வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

"பழைய பட்டுக்குப் பணம்" என்று வாங்குபவர்களிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி. அதற்காகப் புடவையை எரித்துவிடுவார்கள்.

பழைய நகையை மாற்றலாமா, அப்படியே போடலாமா?

2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்.யு.ஐ.டி முத்திரை இல்லாமல் கடைகள் ஹால்மார்க் தங்க நகை விற்க முடியாது. இது விற்பவர்களுக்கான விதி. பாட்டியின் முத்திரையில்லாத நகையை வைத்திருக்கவோ போட்டுக்கொள்ளவோ தடை இல்லை. தரம் தெரிய வேண்டும் என்றால், பி.ஐ.எஸ் அங்கீகாரம் பெற்ற மையத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும்போது, புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், 3% ஜி.எஸ்.டி எல்லாம் வரும். பழைய நகையில் கல், அரக்கு எடையும் கழியும். அதற்குப் பதில் திருகாணி மாற்றுவது, கல் இறுக்குவது, சரடு மாற்றிக் கோப்பது போன்ற சின்ன வேலைகளோடு அதே நகையைப் போடலாம். பாலிஷுக்குக் கொடுக்கும்போது, கொடுக்கும் முன்பும் வாங்கும்போதும் எடை போட்டுப் பாருங்கள். அரக்கு வைத்த நகையை வெந்நீரில் போடாதீர்கள்.

புனேயில் எங்கே தேடுவது?

*ஜூனா பஜார்:* மராத்தியில் 'ஜூனா' என்றால் பழைய. மங்கள்வார் பேட் பக்கம் புதன், ஞாயிறு கூடும் சந்தை. பித்தளை விளக்கு, பூட்டு, கடிகாரம், கேமரா என்று எதுவும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். காலையிலேயே போய்விடுவது நல்லது. "கிதிலா?" என்று கேட்டு ஆரம்பியுங்கள். பேரம் உண்டு, பில் எதிர்பார்க்க முடியாது.

*துளசிபாக்:* ராமர் கோவிலைச் சுற்றியுள்ள பழைய கடைத்தெரு. பித்தளை, செம்புப் பாத்திரங்களோடு 'பாத்துகலி' என்ற குட்டிப் பாத்திரங்களும் கிடைக்கும். நம்ம ஊர் சொப்புச் சாமான்தான் அது. சீர்த்தட்டு அலங்காரத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

*தாம்பட் ஆளி:* கஸ்பா பேட்டில் இருக்கும் செம்புக் கொல்லர் தெரு. பேஷ்வா காலத்திலிருந்து இந்தத் தொழில் இங்கே நடக்கிறது. சுத்தியலால் வரிசை வரிசையாகத் தட்டிப் பளபளப்பாக்கும் வேலைக்கு 'மடார்' என்று பெயர். தாம்பாளமோ சொம்போ நேரடியாக ஆர்டர் கொடுக்கலாம்.

*புருட் ஆளி:* மூங்கில் கூடை, முறம் பின்னுபவர்களின் தெரு. பிளாஸ்டிக் சீர்த்தட்டுக்குப் பதிலாக இங்கே கூடைகள் வாங்கலாம்.

ஐடியா மட்டும் வேண்டும் என்றால், ராஜா தினகர் கேல்கர் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இருக்கும் விளக்குகளையும் பாக்குவெட்டிகளையும் பார்த்தாலே, பழைய வீட்டு விசேஷம் எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துவிடும்.

எதையும் வாங்கும் முன், கட்கி, ராஸ்தா பேட் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தெரிந்தவர்கள் உண்டா என்று பாருங்கள். பெரிய குத்துவிளக்கும் அண்டாவும் பரணில் சும்மா கிடக்கும். இரவல் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது தேய்த்து, கூடவே வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுங்கள்.

வாங்கும்போது எதில் ஜாக்கிரதை?

பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான். குத்துவிளக்கின் தட்டு, தண்டு, பாதம் மூன்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். வெவ்வேறு விளக்குகளின் பாகங்களைச் சேர்த்து விற்பதும் உண்டு. சமைக்கவோ பரிமாறவோ போகிறீர்கள் என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரசம், மோர் போன்ற புளிப்பானவை ஆகாது. இங்கே இதற்குக் 'கல்ஹய்' என்று கேட்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். அதை விற்பனை செய்ய லைசென்ஸ் வேண்டும். தனிநபர்கள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "ரொம்பப் பழைய சாமி சிலை" என்று யாராவது தூண்டினால் வாங்காதீர்கள். அது எந்தக் கோவிலிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. யானைத் தந்தத்தில் செய்த சீப்பு, டப்பா எவ்வளவு பழசானாலும் வாங்குவதும் விற்பதும் குற்றம்.

கையால் செய்வது எவ்வளவு வேலை?

இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். ஒரு பத்திரிகையை வெட்டி, மடித்து, நூல் கட்ட 12 நிமிடம் என்று வையுங்கள். 250 பத்திரிகைக்கு 50 மணி நேரம். இரண்டு பேர் சனி, ஞாயிறு தினம் 3 மணி நேரம் உட்கார்ந்தாலும் நான்கு வாரத்துக்கு மேல் ஆகும். ஹிஞ்சவாடி டிராஃபிக்கில் வாரம் முழுக்க அலைந்தவர்களுக்கு இது எளிதல்ல. அதனால் பெரியவர்களுக்கு நேரில் வைக்க 50 பத்திரிகை மட்டும் கையால் செய்து, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

காகிதத்துக்கு சிவாஜிநகரில் 1940-ல் தொடங்கிய ஹேண்ட்மேட் பேப்பர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் காகிதம் அது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் வீட்டு பிரின்டரில் சிக்கலாம். ஸ்க்ரீன் பிரின்டிங் ஒத்துவரும். முதலில் நாலைந்து தாளில் சோதித்துப் பாருங்கள்.

தாம்பூலத்துக்கு மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சப்பையைவிடப் பொருத்தமான விண்டேஜ் பொருள் நமக்கு வேறு இல்லை. பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அதற்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. நெல்லை பத்தமடையில் மணமக்கள் பெயரைக் கோரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். மெல்லிய பாய் நெய்ய நாளாகும் என்பதால் பல மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டுப் பனை ஓலைக் கொட்டானும் அப்படித்தான்.

பூவுக்கு குல்டேக்டி மார்க்கெட் யார்டு. நம்ம செண்டுமல்லி இங்கே 'ஜெண்டு', சாமந்தி 'ஷேவந்தி', சம்பங்கி 'நிஷிகந்தா', மல்லி 'மோக்ரா'.

எந்த மாதம் வசதி?

மராத்தியர்களின் கல்யாண சீசன் துளசி விவாஹத்துக்குப் பிறகு, பெரும்பாலும் நவம்பரில் தொடங்கும். அதற்கு முந்தைய நான்கு மாத சாதுர்மாஸத்தில் அவர்கள் வழக்கமாகக் கல்யாணம் வைப்பதில்லை. நமக்கோ அதற்குள் வரும் ஆவணி முகூர்த்த மாதம். அப்போது மண்டபத்துக்குப் போட்டி குறைவாக இருக்கும், வாடகையைப் பேசிப் பார்க்கலாம். ஆனால், அதே சமயத்தில்தான் கணேஷ் உற்சவமும் வரும். பத்து நாளும் பேட் பகுதிச் சாலைகளில் வண்டி நகராது. மழையும் இருக்கும். திறந்தவெளியில் காகித அலங்காரம், பழைய பட்டு இரண்டும் தாங்காது.

செலவு குறையுமா?

அலங்காரம், உடை, பத்திரிகை, ரிட்டர்ன் கிஃப்ட் ஆகியவற்றில் குறையும். மண்டபத்திலும் சாப்பாட்டிலும் குறையாது. அது விருந்தினர் எண்ணிக்கையைப் பொறுத்தது. கல்யாணத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்டேஜ் தீமை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். அழைப்புப் பட்டியலைத்தான் முதலில் குறைக்க வேண்டும். பழைய பொருள் தேடுவதில் பணம் மிச்சமானாலும் நேரம் செலவாகும். அந்த நேரம் இருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

ஆறு மாதத் திட்டம்

- 6 மாதம் முன்: வீட்டில் பேசுவது. பீரோ, பரண் திறந்து பட்டியல் எடுப்பது. பத்தமடைப் பாய் ஆர்டர்.
- 5 மாதம் முன்: புடவை, நகை சோதனை. ரஃபூ, ரவிக்கைத் தையல்.
- 4 மாதம் முன்: ஜூனா பஜார், துளசிபாக். இரவல் கேட்பது.
- 3 மாதம் முன்: பத்திரிகை, மஞ்சப்பை வேலை. செம்புப் பாத்திர ஆர்டர்.
- 1 மாதம் முன்: ஈயம் பூசுவது, பித்தளை தேய்ப்பது. புடவையைக் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடந்து பார்ப்பது.
- கல்யாணத்துக்கு மறுநாள்: இரவல் பொருட்களைத் திருப்புவது. பூவையும் இலையையும் தனியாகப் பிரித்துக் குப்பை சேகரிப்பவர்களிடம் ஒப்படைப்பது. புடவையை நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி, பழைய கோட்டில் இல்லாமல் வேறு இடத்தில் மடித்து வைப்பது.