உள்ளே விடப்பட்ட கிளிப்பு



சென்ற மழைக்காலத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவுக் குடும்பத்துத் தாயார் ஒருவர் எங்களிடம் வந்தார். வேறோர் ஊரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். மார்பகத்தை முழுவதும் அகற்றாமல், கட்டியையும் அதைச் சுற்றிய சதையையும் மட்டும் எடுத்திருந்தார்கள். அடுத்துக் கதிர்வீச்சு தொடங்கவேண்டும். ஆனால் பின்னர் எடுத்த எக்ஸ்ரே படத்தில் நாலைந்து வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. "ஏதோ இரும்பை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்" என்று தெருவில் பேச்சு பரவியது. அம்மாள் கதிர்வீச்சுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். "ஜரிகைய சேலையிலதான் போடுவோம் ஐயா, சதைக்குள்ள யாராவது வைப்பாங்களா?" என்று எங்களைக் கேட்டார்.

நாங்கள் ஜெபிக்கப் போகிறவர்கள், மருத்துவர்கள் அல்லர். எனவே எங்கள் சர்ஜனை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தோம். அன்று அவர் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். இதே பயத்தோடு உங்கள் சபையிலும் ஒரு சகோதரி இருக்கக்கூடும்.

கிளிப்புகளில் இரண்டு வகை உண்டு. முதலாவது, பயாப்ஸிக்காக ஊசியால் சதை எடுக்கும்போதே அந்த இடத்தில் வைக்கப்படுவது. எள்ளளவுதான் இருக்கும், 2 அல்லது 3 மில்லிமீட்டர். பெரும்பாலும் டைட்டானியம். சிலருக்கு அறுவைக்கு முன்பே மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருங்கச் செய்கிறார்கள். அது சிலரிடம் முழுவதும் கரைந்தே போய்விடும். நல்ல செய்திதான், ஆனால் எங்கே வெட்டுவது? அந்த இடத்தைக் காட்டவே கிளிப்பு. அயல்நாட்டுக் கிளிப்புகள் விலை கூடியவை என்பதால், இரத்தக் குழாயை நெருக்கிப் பிடிக்க அறுவை அறையில் வைத்திருக்கும் சாதாரணக் கிளிப்பையே நம் நாட்டில் சில மருத்துவர்கள் இதற்கு உபயோகிக்கிறார்கள்.

அறுவையின்போது இந்தக் கிளிப்பு கட்டியிருந்த சதையோடு வெளியே வந்துவிடவேண்டும். வந்ததா என்று அறிய, வெட்டியெடுத்த சதையையே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சில சமயம் அதில் கிளிப்பு இராது. ஊசி போன வழியே அது நகர்ந்திருக்கலாம். இரத்தத்தை உறிஞ்சும் குழாயில் போயிருக்கலாம். உள்ளேயே தங்கியும் இருக்கலாம். இந்த இடத்தில் சர்ஜன் குரலை உயர்த்தியே சொன்னார்: உள்ளே தங்கிய உலோகத்தால் ஆபத்தில்லை, நோயிருந்த இடம் வெளியே வந்ததா என்பதுதான் கேள்வி. அதை நோய்க்குறியியல் அறிக்கையிலும், தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கும் மேமோகிராம் படத்திலும் பார்க்கவேண்டும். நோயாளி தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாவது வகையை சர்ஜன் வேண்டுமென்றே விட்டுவருகிறார். கட்டியை எடுத்த குழியின் சுவர்களில் சில கிளிப்புகளை வைப்பார். கதிர்வீச்சு மருத்துவர் அவற்றைப் பார்த்துத்தான் கதிரை எங்கே கூடுதலாகச் செலுத்துவது என்று கணக்கிடுகிறார். இவை ஆயுள் முழுவதும் உள்ளே இருப்பவை. நம் அம்மாளின் படத்தில் தெரிந்தவை இவையே. எந்தச் சிகிச்சைக்காக வைத்தார்களோ அதற்கே அவர் போகாமல் இருந்தார்!

டைட்டானியம் நம் உடலுக்குப் புதிதல்ல. 1965 முதல் பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் அதைப் பொருத்தி வருகிறார்கள். அதனால் புற்றுநோய் வருவதில்லை. எம்.ஆர்.ஐ. காந்தம் அதை இழுத்துவிடாது. எனினும் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சில கிளிப்புகள் எஃகால் ஆனவை, அவற்றில் நிக்கல் உண்டு. கவரிங் நகை போட்டால் அரிப்பு வருகிறவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லட்டும். அந்த இடத்தில் வலி நீடித்தால் 'மனப்பிரமை' என்று தள்ளாமல் பரிசோதிக்கவேண்டும்.

கதிர்வீச்சைத் தவிர்ப்பதில்தான் மெய்யான ஆபத்து. மார்பகத்தைக் காத்துச் செய்யும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு, 10 ஆண்டுகளுக்குள் நோய் திரும்புவது சுமார் 35 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்தது. 10,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2011-இல் வெளியான ஆய்வின் கணக்கு இது.

இவ்வளவையும் அறுவைக்கு முன்பே அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அம்மாளுக்கு அத்தனை வாரங்கள் வீணாகியிரா. யாரையும் குறைகூற இதை எழுதவில்லை. எங்கள் வார்டிலும் இது நடந்திருக்கக்கூடியதே. இப்போது கிளிப்பு வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும், எத்தனை, எங்கே, எந்த உலோகம் என்று தமிழில் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுக்கிறோம். அதை அச்சடித்தது உங்கள் காணிக்கையில்தான்.

காஞ்சிபுரத்தார் கதிர்வீச்சுக்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. காரைப்பேட்டையில் 1969 முதல் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அம்மாளை முதல் நாள் எங்கள் நர்ஸ் ஒருவர் அங்கே அழைத்துப்போனார். மற்ற நாட்களில் அவர் கணவர் தறியை நிறுத்திவிட்டுக் கூடப் போனார். குறித்த நாள் எதையும் தவறவிடவில்லை. சீட்டை ஜரிகைக் கண்டு வைக்கும் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.