பேப்பர் போடுவதற்கு முன்: விற்பனைப் பணியாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சந்தை மந்தமானால் முதல் அடி விழுவது விற்பனைப் பிரிவில்தான். டார்கெட்டைக் குறைக்க மாட்டார்கள், ஆளைக் குறைப்பார்கள். அதையும் ஆட்குறைப்பு என்று எழுத்தில் செய்ய மாட்டார்கள். மாதக் கடைசி ரிவ்யூ முடிந்ததும் மேனேஜர் தனியே அழைத்து, "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் ஆர்டர் உடனே வந்துடும். இல்லேன்னா டெர்மினேஷன்தான், அடுத்த கம்பெனியில கேட்டா நாங்க என்ன சொல்றது?" என்பார். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்க, அந்த இடத்திலேயே மொபைலில் ராஜினாமாவைத் தட்டி அனுப்பிவிடுகிறவர்கள் பலர்.

புது வேலை தேடுவது எப்படி என்று பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு மெயில் அவருக்குச் சேர வேண்டிய பெருந்தொகையைக் கைவிட வைக்கிறது.

ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், நிறுவனம் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு, மறுதிறன் பயிற்சி நிதி வழியாக இன்னொரு 15 நாள் சம்பளத்தையும் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. எட்டு ஆண்டு வேலை பார்த்தவர் என்றால் இழப்பீடு மட்டுமே நான்கு மாதச் சம்பளம். ராஜினாமா செய்தவருக்கு இதில் ஒரு ரூபாயும் கிடையாது.

"நான் எக்ஸிகியூட்டிவ் ஆயிற்றே, தொழிலாளர் சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். மெடிக்கல் ரெப்புகள் இதே கேள்வியோடு பல ஆண்டுகள் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக 1976இல் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் கமிஷன் நீங்கலாக மாதம் 750 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் அது பொருந்தியது. 1987 மே மாதம் முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சாண்டோஸ் வழக்கில், விற்பனை மேம்பாட்டு வேலை தொழில் தகராறுகள் சட்டம் சொல்லும் 'தொழிலாளர்' வரையறைக்குள் தானாக வராது என்றே தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் மெடிக்கல் ரெப்புகளுக்குப் பாதுகாப்பு நிலைத்தது என்றால், அது அந்தத் தனிச் சட்டத்தால் நிலைத்தது. 2011இல் மத்திய அரசு அழகுசாதனப் பொருட்கள், சோப்பு, பிஸ்கட், குளிர்பானம், ஆயத்த ஆடை, பெயின்ட், மின்சாதனம், கணினி, வாகன உதிரிபாகம் உள்ளிட்ட பத்துத் தொழில்களுக்கு அந்தச் சட்டத்தை விரிவாக்கியது. இன்றைய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் விற்பனை மேம்பாட்டுப் பணியாளரைத் தொழிலாளர் வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்துள்ளது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இதைக் காட்டித்தான் நிறுவனங்கள் எல்லோருக்கும் 'மேனேஜர்' பட்டம் சூட்டுகின்றன. விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றம் முடிவெடுப்பதில்லை, உண்மையில் செய்த வேலையைத்தான் பார்க்கும். உங்களுக்குக் கீழே யாரும் இல்லாமல், தினமும் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்தவர் என்றால், உங்கள் டெய்லி ரிப்போர்ட்டும் டூர் புரோகிராமுமே அதற்குச் சாட்சி. அவற்றின் நகலைச் சொந்த மெயிலிலோ காகிதத்திலோ வைத்திருங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல் போன்ற நிறுவன ரகசியங்களை எடுத்துச் செல்லாதீர்கள். அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

வங்கி, காப்பீடு, ரியல் எஸ்டேட் விற்பனையாளர்கள் 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட தொழில்களுக்குள் வருவதில்லை. ஆனால் ஊதியத் தொகுப்புச் சட்டம் மேனேஜர் உட்பட எல்லா ஊழியருக்கும் பொருந்தும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்கிறது அது. 'ஃபுல் அண்ட் ஃபைனல்' 45 நாளில் வரும், 90 நாளில் வரும் என்று சொல்லும் எச்.ஆர். பழைய வழக்கத்தைச் சொல்கிறார். டார்கெட் வரவில்லை என்று நிலையான சம்பளத்தில் கைவைக்கவும் சட்டத்தில் இடமில்லை. பிடித்தம் செய்யத்தக்க காரணங்களைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது, அதில் டார்கெட் இல்லை.

கட்டாயப்படுத்தி ராஜினாமா கேட்டால் என்ன செய்வது? "யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அன்றே, நடந்ததைத் தேதி, நேரம், பேசியவர் பெயரோடு நிறுவனத்துக்கு மெயிலாக அனுப்புங்கள். ராஜினாமாவையே ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அதை நிறுவனம் ஏற்கும் முன் திரும்பப் பெறலாம் என்பதே பொதுவான நிலை. அதனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல், திரும்பப் பெறுவதாக எழுதுங்கள்.

இனி அடுத்த வேலை. இன்டர்வியூவுக்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த ஏரியாவின் ஸ்டாக்கிஸ்டை நேரில் பாருங்கள். எக்ஸ்பைரி சரக்கைக் கம்பெனி ஒழுங்காகத் திரும்ப எடுக்கிறதா, கிளெய்ம் பணம் வருகிறதா, மாதக் கடைசியில் கேட்காத சரக்கைத் தலையில் கட்டுகிறார்களா, இரண்டு வருடத்தில் எத்தனை ரெப் மாறினார்கள் என்று கேளுங்கள். எந்த வேலைவாய்ப்புத் தளமும் சொல்லாத உண்மையை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஸ்டாக்கிஸ்டுக்குத் தள்ளிய பிரைமரி சேல்ஸை வைத்து டார்கெட் போடுகிறார்களா, கடைக்குப் போன செகண்டரி சேல்ஸை வைத்தா என்பதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் நிறுவனத்தில் மூன்றாவது மாதம் நீங்களும் சரக்கைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

நியமனக் கடிதம் ஒவ்வோர் ஊழியருக்கும் தர வேண்டியது இப்போது சட்டக் கடமை. அதில் நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, பெட்ரோல் செலவு யாருடையது, ஹெட்குவார்ட்டர்ஸ் எது என்பதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். கமிஷன் பொதுவாகச் சட்டப்படியான 'ஊதியம்' என்ற கணக்கில் சேராது. ஆகவே இன்சென்டிவ் விதிகள் எழுத்தில் இல்லாவிட்டால், பின்னால் அதைக் கேட்டு வாங்குவது கடினம். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மீதியைப் படிகளாகப் பிரிக்கும் பழக்கத்துக்குப் புதிய சட்டம் ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். பணிக்கொடைக் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

'போட்டி நிறுவனத்தில் இரண்டு ஆண்டு சேரக் கூடாது' என்ற நிபந்தனையைக் கண்டு பயப்பட வேண்டாம். வேலையை விட்ட பிறகும் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவின்படி செல்லாது. குறைந்தபட்சக் காலம் வேலை பார்ப்பேன் என்ற பாண்ட் அப்படியல்ல. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் அத்தகைய பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொகையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். 'செக்யூரிட்டி'க்காகத் தேதியும் தொகையும் எழுதாத காசோலை கேட்டால் கொடுக்கவே வேண்டாம். அது திரும்பினால் வரும் வழக்கில் இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்ற ஆபத்து உங்கள் தலையில். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது.

வேலை கிடைக்காத தவிப்பை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் முடக்க முடியும்.

வெளிநாட்டு வேலை மோசடியில் கொடுக்க வேண்டிய விலை இன்னும் அதிகம். தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

பழைய வேலையில் அநியாயம் நடந்திருந்தால் எங்கே போவது? மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் சமரசப் பிரிவு இருக்கிறது. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளது. தனி ஆளாகவே மனு கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சட்ட உதவி வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்டப் பணிகள் ஆணையம் கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அந்த உதவி உண்டு. மெடிக்கல் மற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் சங்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வழி ஏற்கெனவே பழக்கம், வேலையில் இருக்கும்போதே அதில் சேர்ந்துவிடுவது நல்லது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. புது வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகலோடு இந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.