அணைத்த பெடல் ஒலியை மங்கச் செய்யுமா?

என் கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆறு பெடல்கள் இருக்கின்றன. ஆறும் ‘ட்ரூ பைபாஸ்’. “அணைச்சுட்டா சிக்னலைத் தொடவே தொடாது சார்” என்று கடையில் சொன்னதை நம்பித்தான் கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன். அப்படியும் ஒலி மந்தமாகவே இருந்தது. பிக்கப்பையே மாற்றிவிடலாமா என்றுகூட விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சும்மா, பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு கேபிளை நேராக ஆம்ப்பில் செருகிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த குரல் சரியானது மாதிரி இருந்தது!

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ட்ரூ பைபாஸ் என்பது நம்ம ஊர் பைபாஸ் ரோடு மாதிரிதான், ஊருக்குள் நுழையாமலே தாண்டிப் போய்விடலாம். இந்தப் பெடல்களில் பெரும்பாலும் ஒன்பது கால்கள் கொண்ட கால்சுவிட்ச் ஒன்று இருக்கும். அணைத்தால் அது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, உள்ளே வரும் ஜாக்கையும் வெளியே போகும் ஜாக்கையும் வெறும் கம்பியால் இணைத்துவிடும். மிச்சமிருக்கும் மூன்று கால்கள் எல்இடி விளக்குக்கு.

சிக்கலே அந்த ‘வெறும் கம்பி’தான். ஆறு பெடல்களையும் அணைத்தால், கிடாரிலிருந்து வரும் 5 மீட்டர் கேபிள், இடையில் உள்ள குட்டிக் கேபிள்கள் சேர்ந்து ஒரு மீட்டர், ஆம்ப்புக்குப் போகும் 6 மீட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே 12 மீட்டர் கேபிளாகிவிடுகிறது. கிடார் கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்தான். பிக்கப்போ காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய மெல்லிய கம்பி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப்பின் இண்டக்டன்ஸ் சுமார் 2.5 ஹென்றி. காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஒத்ததிர்வு வரும் என்று பிளஸ் டூவில் படித்தோமே, அதேதான் இங்கேயும். அந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் ஒலி சற்று தூக்கலாக இருக்கும், அதற்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும். கிடாரின் ‘பளிச்’ இருப்பது அங்கேதான்.

பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 5 மீட்டர் கேபிள் மட்டும் என்றால் ஒத்ததிர்வு சுமார் 4,100 ஹெர்ட்ஸ். 12 மீட்டர் என்றால் 2,800. எனக்குப் பிடித்த ஜலதோஷம் இதுதான்.

பஃபர் இதற்கு மருந்து. (நம் தொழிலில் சொல்லும் பஃபர் இல்லை, இது எதையும் சேமித்து வைக்காது.) ஒரு டிரான்சிஸ்டரோ ஆப்-ஆம்ப்போ போதும். வருகிற வோல்டேஜை அப்படியே திருப்பித் தரும், பெரிதாக்காது. ஆனால் பிக்கப்புக்கு அது 1 மெகா ஓம் போலத் தெரியும், அதாவது பாரமே இல்லை. வெளியே தள்ளும்போது 1 கிலோ ஓம் அல்லது அதற்கும் கீழே. இவ்வளவு பலமான மூலத்துக்கு மீதி 7 மீட்டர் கேபிள் ஒரு பொருட்டே இல்லை. 1 கிலோ ஓம் என்றே வைத்தாலும், ஒலி இறங்கத் தொடங்குவது 2 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலே, வௌவாலுக்குக்கூடக் கேட்காது. ஒத்ததிர்வும் பழையபடி 4,100-க்கே வந்துவிடுகிறது.

அப்புறம் பஃபருக்கு ஏன் கெட்ட பெயர்? பாவம், அது வேறொருவன் செய்த குற்றம் என்பது என் கருத்து. பழைய வா-வா பெடல்கள் பலவற்றில் சுவிட்ச் வெளியே போகும் பக்கத்தை மட்டும்தான் மாற்றும். அணைத்த பிறகும் சர்க்யூட்டின் வாய் கிடாரின் லைனிலேயே தொங்கிக்கொண்டு சிக்னலை உறிஞ்சும். அதற்குத் தீர்வாகத்தான் ட்ரூ பைபாஸுக்கு மவுசு வந்தது. போகப் போக ‘ட்ரூ பைபாஸ் இல்லாதது எல்லாமே மோசம்’ என்றாகிவிட்டது. 1977 முதல் வரும் பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் பஃபரும் எலக்ட்ரானிக் சுவிட்சும் கொண்டவைதான். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மருக்கு பெடல்போர்டு செய்து கொடுத்த பீட் கார்னிஷ், பஃபர்தான் சரி என்று வாதாடியவர்.

பஃபர் ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பெடல்களின் உள்வாங்கும் இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கிடாரின் வால்யூம் குமிழும் சேர்ந்துதான் அந்த சர்க்யூட்டே முழுமையாகிறது. நடுவே பஃபர் புகுந்தால் ஒலி கீச்சென்று காதைக் குத்தும். வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கும் வித்தையும் பலிக்காது. இன்னொன்று, மேடையில் மின்சாரமோ பேட்டரியோ போனால் பஃபர் உள்ள பெடல் ஊமையாகிவிடும். அணைத்து வைத்த ட்ரூ பைபாஸ் பெடல் வழியாக மட்டும் சத்தம் வரும்.

இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கிடாருக்குள்ளேயே பேட்டரியும் ப்ரீ-ஆம்ப்பும் இருக்கிறது.

பிக்கப்பை நான் மாற்றவில்லை. இப்போதைய வரிசையில் முதலில் ஃபஸ், அடுத்து பஃபர் உள்ள ஒரு டியூனர், அதன் பின்னால் மற்ற ஐந்து ட்ரூ பைபாஸ் பெடல்கள். உங்களிடம் நான்கைந்து பெடல் இருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு தடவை வாசியுங்கள், பிறகு அதே கிடார் கேபிளை நேராக ஆம்ப்பில் செருகி வாசியுங்கள். ஆம்ப்பின் குமிழ்களை மட்டும் இடையில் தொடாதீர்கள்.